குழியானை சாரின் நாற்பது நிமிடம்

எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்க மலர்க் குழு எனக்கு ஒதுக்கியிருப்பது ஒரு பக்கம். "சார் காலமான செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். இரங்கல் குறிப்பாக எழுதிவிடுங்கள் அண்ணா, படத்துக்கும் இடம் விட வேண்டும்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். வகுப்பறைக்குள்ளேயே அடங்காத மனிதரை ஒரு பக்கத்துக்குள் அடக்கச் சொல்கிறார். நான் மீறத்தான் போகிறேன். இடம் போதாவிட்டால் படத்தை எடுத்துவிடட்டும். எங்கள் காலத்தவர் யாருக்கும் அவர் முகம் மறக்கவில்லை.

இயற்பெயரைப் போட்டால்தான் பாதிப்பேருக்கு ஆள் தெரியாது. குழியானை சார் என்றால் போதும். அந்தப் பெயரை வைத்தது எங்கள் வகுப்பா, எங்களுக்கு மூத்தவர்களா என்ற வழக்கு ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரிந்தது இதுதான்: நூலகத் தாழ்வாரத்தின் ஓரத்தில், சாரல் படாத பொடிமணலில் புனல் புனலாகக் குழிகள் கிடக்குமே, அவற்றின் முன்னால் எங்களைக் குந்தவைத்து, "பேசுகிறவன் எழுந்து போய்விடலாம்" என்றார். ஓர் எறும்பு விளிம்பில் கால் வைத்தது, சரிந்தது, ஏறப் பார்த்தது. குழியின் அடியிலிருந்து யாரோ மணலை வாரி இறைத்தார்கள். மறுபடி சரிந்தது. பிறகு எறும்பைக் காணவில்லை. வகுப்பே மூச்சுவிடவில்லை. ஒருவன் மெல்ல மணலைக் கிளறி அந்தக் குழியானைப் பூச்சியை எடுத்து உள்ளங்கையில் விட்டான். அது பின்பக்கமாகவே நடந்தது. எல்லார் கையும் நீண்டது. இது வளர்ந்து, தும்பியைப் போலச் சிறகு முளைத்துப் பறக்கும் என்று சார் சொன்னபோது மட்டும் யாரும் நம்பவில்லை. அவர் வற்புறுத்தவும் இல்லை.

சார் எங்களைப் பின்வாசலுக்கு வெளியே உள்ள நிலத்துக்கு அழைத்துப்போகும் நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்று இருந்தது: மூன்றாம் மணி, செருப்பு வரிசை, தொட்டித் தண்ணீர், பின்வாசல். இவற்றை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் பெயர்கள் ஏறிய கறுப்பு நோட்டைப் பற்றியும் பேச வேண்டாம். அதில் பெயர் ஏறாதவர்கள் இந்த மலரை வாங்கவே மாட்டார்கள். எனக்கு இத்தனை வயதாகியும் வியப்பாக இருப்பது, பின்வாசலைத் தாண்டிய பிறகு சார் என்ன செய்தார் என்பதுதான். ஒன்றுமே செய்யவில்லை. புங்கமரத்தடிக் கல்லில் உட்கார்ந்துகொள்வார். விசில் கிடையாது. அணி பிரித்துவிட மாட்டார். இதைத் தொடாதே, அதில் ஏறாதே என்ற பேச்சே இல்லை. ஒரே ஒரு சட்டம்: ஏறியவன் தானாக இறங்க வேண்டும், யாரும் யாரையும் தூக்கி ஏற்றிவிடக் கூடாது. தானாக ஏற முடிந்த உயரத்திலிருந்துதான் பெரும்பாலும் தானாக இறங்கவும் முடியும் என்ற கணக்கு அதற்குள் இருந்தது பின்னால்தான் புரிந்தது. சண்டை முற்றித் தீர்ப்புக் கேட்டுப் போனால், "நான் பார்க்கவில்லையே" என்பார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நாங்கள் கண்ணுக்குத் தெரிகிற, ஆனால் நாங்கள் பேசுவது காதில் விழாத தூரத்தில் அந்தக் கல் கிடந்தது. அதை அங்கே உருட்டிப் போட்டவரே அவர்தான் என்று தோட்டக்காரர் ஒருமுறை சொன்னார்.

அவர் ஒன்றும் செய்யாததால் எங்களுக்கு நிறைய வேலை இருந்தது. முசுறு எறும்புகள் ஒன்றன் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்கி, இரண்டு இலைகளை இழுத்து நெருக்குவதைக் கழுத்து வலிக்கப் பார்த்தோம். இலைகள் சேர்ந்ததும் வேறு எறும்புகள் தங்கள் கூட்டுப் புழுக்களையே வாயில் தூக்கி வந்து, அவற்றிலிருந்து வரும் பட்டிழையால் விளிம்புகளை ஒட்டிவிடும். குழந்தைகளை வேலை வாங்குகிற கூட்டம் என்று எங்களில் ஒருவன் கோபப்பட்டான். அவன் இப்போது வழக்கறிஞர். எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவதையும், வரிவரியான அதன் புழு யாரும் தீண்டாத அந்த இலையைத் தின்று கொழுப்பதையும் கண்டுபிடித்தோம். அந்த நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால்தான் பறவைகள் அந்த வண்ணத்துப்பூச்சியைத் தவிர்க்கின்றன என்று மட்டும் சார் ஒரு வரி சேர்த்தார். மழைக்கு மறுநாள் ஈசல், வெயில் ஏறினால் கிளித்தட்டு, இரண்டும் இல்லாத நாளில் வெட்டியாகப் படுத்து மேகம் பார்ப்பது. கடைசிவரை, 'நான் கண்ட காட்சி' என்று ஒரு கட்டுரைகூட எழுதச் சொல்லவில்லை அவர். வகுப்பில் எழுதி மனப்பாடம் செய்ததில் எனக்கு இன்று மிச்சமிருப்பது கொஞ்சம்தான். முசுறு மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்தப் பாடவேளை எப்படிப் போனது என்பதைச் சிலர் 'கால மாற்றம்' என்று எழுதிவருகிறார்கள். காலம் மனு எழுதாது. பெற்றோர் எழுதினார்கள். சட்டையெல்லாம் மண், ஒரு பையனுக்கு முழங்கை பிசகிவிட்டது, பொதுத்தேர்வு நெருங்குகிறது, இந்த வேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்தால் பிள்ளைகள் உருப்படுவார்கள். கீழே வரிசையாகக் கையெழுத்து. மூன்றாவது என் அப்பாவுடையது. கூட்டத்துக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க எங்களில் சிலரை நிறுத்தியிருந்தார்கள். தட்டோடு கதவருகே நின்றிருந்ததால் எல்லாம் கேட்டது. "சார், இந்த வகுப்புக்கு எத்தனை மதிப்பெண்?" என்று ஒருவர் கேட்டார். "இதற்கு மதிப்பெண் இல்லைங்க" என்றார் சார். கூடமே சிரித்தது. வன்மம் இல்லாத சிரிப்பு. அதனால்தான் அவரால் பதில் சொல்ல முடியவில்லை என்று நினைக்கிறேன். கையிலிருந்த சுண்ணக்கட்டியை இரண்டாக ஒடித்தார், நான்காக ஒடித்தார், பொடியைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுவாரம் முதல் அந்த நாற்பது நிமிடம் கணக்குக்குப் போனது. சாருக்கு அந்த வேளையில் பொருளறைப் பேரேடு எழுதும் வேலை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.

கணக்கு நன்றாகவே நடந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த மதிப்பெண்தான் என்னைப் பொறியியலுக்குக் கொண்டுபோனது, பொறியியல்தான் விமானம் ஏற்றியது. அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் போட்ட அந்தக் கையெழுத்தின் வட்டியில்தான் நான் இங்கே, வட அமெரிக்காவில், வீடு வாங்கினேன்.

இந்த வீட்டில்தான் மூத்த பேத்திக்குக் கண்ணாடி வந்தது. இளையவளையும் சோதித்த கண் மருத்துவர், "தினமும் இரண்டு மணி நேரமாவது வெளியே விடுங்கள்" என்று மருந்துச் சீட்டைப் போல எழுதியே கொடுத்தார். வந்துவிட்ட கிட்டப்பார்வையை வெளிச்சம் திருப்பி அனுப்பாது, ஆனால் வருவதைத் தள்ளிப்போடும் என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியில் முதல் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் ஒவ்வொரு பள்ளி நாளிலும் ஒரு பாடவேளை கூடுதலாக வெளியே விட்டிருக்கிறார்கள். 3 ஆண்டு முடிவில் அவர்களில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதம். 2015ல் வெளியான முடிவு. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள்; வகுப்பறைக்குள் சில நூறு லக்ஸ்தான் கிடைக்கிறது. வெளியே வெயிலில் அது பல்லாயிரம். அந்த வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கச் செய்து, கண் உருண்டை நீண்டு வளர்வதை மட்டுப்படுத்துகிறது என்று கருதுகிறார்கள். அந்தக் கூடுதல் வேளை எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். நாற்பது நிமிடம்.

சாரிடம் அன்று இந்தத் தாள் இருந்திருந்தால் கூட்டத்தில் நீட்டியிருக்கலாம். 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் அசைய வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையையும் நீட்டியிருக்கலாம். 1989ல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் 31வது பிரிவு விளையாட்டையும் ஓய்வையும் உரிமை என்றே எழுதியிருப்பதைச் சொல்லியிருக்கலாம். எல்லாம் அவர் பேரேடு எழுதப் போன பிறகு வந்தவை. வந்திருந்தாலும் நீட்டியிருப்பாரா என்பது சந்தேகம். கண்ணுக்கு நல்லது, எலும்புக்கு நல்லது என்று சொல்லிப் பிள்ளைகளை வெளியே அனுப்புவது, மதிப்பெண்ணை வேறு பெயரில் கேட்பதுதானே என்பார்.

மருத்துவர் சொன்னதை நிறைவேற்ற எங்கள் வீட்டில் ஒரு திட்டமே தீட்டினார்கள். தொப்பி, களிம்பு, முழங்கால் கவசம், தோழியின் பெற்றோருடன் நாள் குறிப்பது. இளையவள் ஒரு வாரம் போனாள், பிறகு வயிற்றுவலி வந்துவிட்டது. நான் சோபாவில் இருந்தபடி "வெளியே போய் விளையாடு கண்ணு" என்று தினமும் சொன்னேன். சோபாவிலிருந்து வரும் இந்தக் கட்டளைக்கு எந்தக் குழந்தையும் கீழ்ப்படிந்ததாகத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் ஒருநாள் நானே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்புறம் போய் உட்கார்ந்தேன். கைப்பேசி இல்லை, புத்தகம் இல்லை. தாத்தாவுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தாள். வந்தவள் ஒரு கல்லைப் புரட்டினாள். அடியில் மரவட்டை. நான் பெயர் சொல்லவில்லை, பத்திரம் என்றும் சொல்லவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. சார் அதை ஆண்டுக்கணக்கில் செய்திருக்கிறார்.

நான் இங்கே வந்த புதிதில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதுதான் முதலும் கடைசியும். வேலை, சம்பளம், குளிர் எதையும் கேட்கவில்லை. "நீ குடியிருக்கும் வீட்டின் முன்னால் நிற்பது என்ன மரம்? எந்த மாதம் தளிர்க்கிறது?" என்று இரண்டே வரி. நான் வேலையைப் பற்றியும் குளிரைப் பற்றியும் நீளமாக எழுதி அனுப்பினேன். மரத்தின் பெயர் எனக்குத் தெரிய வந்தது பேத்தியால். இலைக்காம்பைக் கிள்ளினாள், பால் வந்தது. "தாத்தா, இது அழுகிறது" என்று ஓடி வந்தாள். எனக்கு எருக்கு நினைவுக்கு வந்தது. இங்கே பரவலாகக் காணும் மேப்பிள் மரங்களில் காம்பை ஒடித்தால் பால் வருவது நார்வே மேப்பிள் என்று அண்டைவீட்டுக் கிழவர் சொன்னார். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரமாம். வட அமெரிக்கக் காடுகளுக்குள் பரவி, உள்ளூர் மரங்களின் நாற்றுகளை நிழலால் அமுக்கிவிடுகிறது என்று இப்போது அதன்மீது வருத்தப்படுகிறார்கள். வந்தேறி. இதைச் சாருக்கு எழுதியிருந்தால் ரசித்திருப்பார். என்னைப் பற்றிய கேள்வியும் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்: போன இடத்தில் எதன் அடியில் நிற்கிறாய் என்று. பல ஆண்டுகள் நான் எதன் அடியிலும் நிற்கவில்லை. காரிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து காருக்கு.

இனி, சங்கத்தின் தீர்மானம். சாரின் நினைவாகப் பின்வாசலுக்கு வெளியே உள்ள நிலத்தில் குளிரூட்டிய பல்நோக்கு அரங்கம் ஒன்று கட்டி, தொடுதிரைகள் வைத்து, அதில் 'இயற்கை அறிவு மையம்' நடத்துவதாகச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. வரைபடம் அழகாக இருக்கிறது. புங்கமரம் நிற்கும் இடத்தில் வாகன நிறுத்தம். அந்த நிலத்தை அப்படியே விட்டு, சுவருக்குப் பழுது பார்த்து, பின்வாசலைத் திறந்துவைத்து, ஒரு பாடவேளையைப் பிள்ளைகளுக்குத் திருப்பித் தரச் சொல்லி நிர்வாகத்தைக் கேட்போம், என் பங்கு அதற்குத்தான் என்று செயலாளரிடம் சொன்னேன். அவர் நல்ல பிள்ளை, பொறுமையாகக் கேட்டார். "வெறும் மணலைப் படம் எடுத்துப் போட்டால் யார் அண்ணா நன்கொடை தருவார்கள்?" என்றார். நியாயமான கேள்வி. அடுத்த கூட்டத்துக்கு என்னால் வர முடியாது, ஆகவே என் வாக்கை இங்கேயே அச்சில் போட்டுவிடுகிறேன்: கட்டடம் வேண்டாம். கல்வெட்டும் வேண்டாம். நன்கொடைக் கடிதத்துக்குப் படம் அவசியமென்றால், தாழ்வார ஓரத்துக் குழிகள் இன்னும் இருக்கின்றனவா என்று யாராவது போய்ப் பார்த்து, அவற்றைப் படம் எடுத்து அனுப்புங்கள்.