படிவத்தில் எழுதினால் கிட்ஹப்பில் விழ வேண்டும்: மலையகத்தில் நாங்கள் செய்த ஓர் இணைப்பு

தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறு இணையத்தளம் நடத்துகிறோம். க.பொ.த. சாதாரண தரக் கணிதம், விஞ்ஞானம் இரண்டுக்கும் கடந்தகால வினாத்தாள்களை எடுத்து, படிமுறையோடு விடை எழுதிப் போடுவதுதான் வேலை. எழுதுபவர்கள் ஹட்டனில், பண்டாரவளையில், கொழும்பில் என்று சிதறிக் கிடக்கிறார்கள். அதனால் கோப்புகள் எல்லாம், பலர் சேர்ந்து கோப்புகளை வைத்துத் திருத்தும் இணையச் சேவையான கிட்ஹப்பில். தளமும் அதன் இணையப்பக்க வசதியான கிட்ஹப் பேஜஸிலேயே ஓடுகிறது.

விடை எழுதினால் பிழை வரத்தான் செய்யும். அதைக் கண்டுபிடிப்பவர்கள் ஆசிரியர்களும் பிள்ளைகளும். அவர்கள் அதைச் சொல்லும் இடம் வட்ஸ்அப் குழு. "சேர், அந்த ஏழாவது கணக்கு பிழை" என்று ஒரு குரல்பதிவு வரும். எந்த வருடம், எந்தப் பகுதி, ஒன்றும் இருக்காது. அதற்குக் கீழே யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து. அத்தோடு அந்தப் பிழை மேலே போய்விடும், யாரும் தேட மாட்டார்கள்.

கிட்ஹப்பிலேயே இஷ்யூ, அதாவது ஒரு பிழைக்கான எண்ணிட்ட பதிவு, திறப்பதற்கு நல்ல படிவ வசதி இருக்கிறது. ஆனால் அதற்குக் கணக்கு வேண்டும், திரை முழுக்க ஆங்கிலம். மஸ்கெலியாப் பக்கம் ஒரு கணித டீச்சரிடம் இதைப் பற்றிப் பேசியபோது அவர் சொன்னது இது: "தம்பி, எனக்கு எழுத ஒரு பெட்டியும் அனுப்ப ஒரு பட்டனும் போதும். மிச்சத்த நீங்க பாருங்க." இதைவிடத் தெளிவாக யாரும் வேலையை வரையறுத்துச் சொல்ல முடியாது. ஆகவே எங்கள் தளத்திலேயே ஒரு படிவம் வைத்து, அதில் எழுதுவது தானாகவே கிட்ஹப்பில் இஷ்யூவாகத் திறக்கும்படி செய்யப் பார்த்தோம்.

கிட்ஹப் பேஜஸ் நிலையான பக்கங்களை மட்டும்தான் கொடுக்கும். படிவத்தை வாங்கி வைக்க அங்கே ஒன்றும் இல்லை. "டோக்கனை ஜாவாஸ்கிரிப்டிலேயே போட்டு நேரே கிட்ஹப் ஏபிஐக்கு அனுப்பலாமே" என்று எங்களில் ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. ஏபிஐ என்பது நிரல்கள் கிட்ஹப்போடு பேசும் வழி, டோக்கன் என்பது அதற்கான சாவி. பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்க்கும் யாருக்கும் அந்தச் சாவி கிடைத்துவிடும். அதோடு யாரும் பார்க்கக்கூடிய பொது ரெப்போவில் (கிட்ஹப்பில் கோப்புகள் இருக்கும் களஞ்சியம்) தன் டோக்கன் கிடப்பதைக் கிட்ஹப் கண்டால் தானாகவே ரத்துச் செய்துவிடும். ஆகவே நடுவில் ஓர் ஆள் வேண்டும். ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலைத் தானாகக் கடத்தும் கருவிகளில் ஸேப்பியர், மேக், என்8என் என்று மூன்றைப் பார்த்தோம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதைப் பார்த்தவர்களுக்கு மாதாமாதம் டொலரில் கட்டும் எந்தச் சேவை மீதும் ஒரு பயம் உண்டு. கொழும்பு நண்பர் வேறு வேலைக்காக வாடகைக்கு எடுத்திருந்த சேர்வரில் இடம் இருந்தது. அதில் என்8என்னை, மென்பொருளைப் பொதியாக நிறுவும் டொக்கர் மூலம் போட்டுக்கொண்டோம். வீட்டு லெப்டொப்பில் சோதிக்கலாம், ஆனால் அங்கேயே வைத்து ஓட்ட முடியாது. ஆனி, ஆடியில் காற்று அடிக்கத் தொடங்கினால் எங்கே மரம் விழுந்து எப்போது கரண்ட் போகும் என்று யாருக்குத் தெரியும்?

என்8என்னில் வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, இடையில் ஒரு கோடு. முதல் பெட்டி வெப்ஹூக், படிவம் அனுப்புவதை வாங்குவது. அது இரண்டு முகவரிகள் தரும். சோதனை முகவரி, நாம் கேட்கச் சொல்லிப் பட்டனை அழுத்திய பிறகு இரண்டு நிமிடம் மட்டும் காது கொடுக்கும். தளத்தில் போட வேண்டியது மற்றது. வேர்க்ஃப்ளோவை, அதாவது இந்தப் பெட்டிகளின் தொடரை, இயக்கத்துக்கு மாற்றினால்தான் அது பேசும். நேர வலயத்தையும் முதலிலேயே கவனியுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் அது நியூயோர்க் நேரத்தில் இருக்கும், ஏசியா/கொழும்பு என்று நாம்தான் மாற்ற வேண்டும்.

கிட்ஹப் பக்கத்தில்தான் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டியிருந்தது. யாருடைய டோக்கனோ அவர் பெயரில்தான் இஷ்யூ திறக்கும். என் டோக்கனைப் போட்டால் எல்லாப் பிழையும் நானே சொன்னதாகத் தெரியும். நானே செய்ததற்குக் கிட்ஹப் எனக்கு அறிவித்தலும் அனுப்பாது. ஆகவே படிவத்துக்கென்றே தனியாக ஒரு இயந்திரக் கணக்கு. ஒருவர் தன் கணக்கோடு இப்படி இன்னொன்று இலவசமாக வைத்துக்கொள்வதைக் கிட்ஹப் விதி அனுமதிக்கிறது.

அடுத்தது உரிமை. ஒரு ரெப்போவுக்கு, இஷ்யூ எழுத மட்டும் என்று அளந்து கொடுக்கும் புது வகை டோக்கன் இருக்கிறது. எங்களுக்கு வேண்டியது அதுதான். ஆனால் இன்னொருவரின் சொந்தக் கணக்கில் உள்ள ரெப்போவுக்கு, கூட்டாளியாகச் சேர்ந்திருந்தாலும், அந்த டோக்கனை எடுக்க முடியாது. ரெப்போ ஓர் அமைப்பின் (கிட்ஹப்பில் பலர் சேர்ந்து வைக்கும் கணக்கு) கீழ் இருந்து, இயந்திரக் கணக்கு அந்த அமைப்பின் உறுப்பினராக இருக்க வேண்டும். சரி என்று இலவச அமைப்பு ஒன்றைத் திறந்து ரெப்போவை அதற்குள் மாற்றினோம். டோக்கனை எடுத்த பிறகு அமைப்பின் நிர்வாகி அதை அங்கீகரிக்கவும் வேண்டும். அதுவரை 'அனுமதி இல்லை' என்னும் 403தான் வரும்.

லேபிளிலும் ஒரு சங்கதி. 'கணிதம்', 'விஞ்ஞானம்' என்று லேபிள் ஒட்டி அனுப்பினால், எழுதும் உரிமை இல்லாத கணக்கென்றால் கிட்ஹப் இஷ்யூவைத் திறந்துவிட்டு லேபிளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். 201 என்று வெற்றிக் குறியீடும் வரும், லேபிள் மட்டும் இருக்காது. இயந்திரக் கணக்குக்கு அந்த ரெப்போவில் எழுதும் உரிமை கொடுத்ததும் லேபிள் ஒட்டிக்கொண்டது.

இவ்வளவும் ஒரு மாலை வேலை என்று சொல்லலாம். ஆட்கள் உண்மையில் என்ன எழுதி அனுப்புவார்கள் என்பதுதான் பெரிய பகுதி.

வந்த விபரத்தை, கிட்ஹப்புக்கு அனுப்பும் வடிவமான ஜேசன் உரைக்குள் அப்படியே செருகினால், எழுதியவர் ஒரு முறை என்டர் தட்டியிருந்தாலே போதும், கிட்ஹப் 400 என்னும் பிழைக்குறியீடு சொல்லித் திருப்பிவிடும். இரட்டை மேற்கோள் குறிக்கும் இதே கதி. கையால் ஜேசன் கட்டாமல், அதைச் சரியாகக் கட்டித் தரும் 'ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை' கட்டளையிடம் விடுவதே வழி.

அதைத் தாண்டினால் மார்க்டவுன், சில குறிகளை எழுத்தின் வடிவமாக மாற்றிக் காட்டும் கிட்ஹப்பின் எழுத்து முறை. கணித டீச்சர்கள் பெருக்கலுக்கு உடுக்குறி போடுவார்கள். 3*4*5 என்று எழுதியது இஷ்யூவில் 345 என்று தெரியும், நடுவில் உள்ள 4 மட்டும் சற்றுச் சாய்ந்திருக்கும். இரண்டு உடுக்குறியையும் சாய்வெழுத்துக்கான அடையாளமாக மார்க்டவுன் எடுத்துக்கொள்வதால் வருவது இது. கணிதப் பிழையைத் திருத்தும் தளத்தில் இதைவிட மோசமாக என்ன நடக்க வேண்டும்? ஐந்தாம் வினாவை #5 என்று எழுதினால் அது எங்கள் ரெப்போவின் ஐந்தாவது இஷ்யூவுக்கு இணைப்பாகிவிடும். யாராவது @ போட்டு ஒரு பெயரை எழுதினால், அந்தப் பெயரில் உலகத்தின் எந்த மூலையிலோ கிட்ஹப் கணக்கு வைத்திருக்கும் ஒருவருக்கு எங்கள் திரிகோணகணிதப் பிழை பற்றி அறிவித்தல் போகக்கூடும். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, எழுதியதை முழுதாக ஒரு நிரற்கட்டத்துக்குள் வைப்பது. அதற்குள் எந்தக் குறியும் குறியாகவே இருக்கும். ஒரே குறை, அங்கே நீண்ட வரி மடியாமல் பக்கவாட்டில் ஓடும். அனுப்புவதற்கு முன் சொல் இடைவெளி பார்த்து வரியை முறிக்க நாலு வரி நிரல் சேர்த்தோம்.

தலைப்பை, எழுதியதன் முதல் சில எழுத்துகளை வெட்டி உண்டாக்கலாம் என்பார்கள். தமிழில் வேண்டாம். புள்ளியும் விசிறியும் கணினிக்குத் தனித்தனி எழுத்து என்பதால் 'கேள்வி' பாதியில் 'கேள' என்று நிற்கும். பாடம், வருடம், பகுதி, வினா எண் நான்கையும் தெரிவுப் பட்டியலாக வைத்து, அவற்றிலிருந்தே தலைப்பைக் கட்டினோம். குரல்பதிவில் காணாமல் போன விபரங்களும் இதோடு கிடைத்துவிட்டன.

படம் அனுப்ப வசதி கேட்டார்கள். இஷ்யூவில் படத்தை இணைக்க ஏபிஐயில் வழியில்லை. ரெப்போவுக்குள் தனிக் கோப்பாக ஏற்றி, அதற்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். செய்யலாம்தான். ஆனால் பிள்ளையின் கொப்பியைப் படம் எடுத்தால் அட்டையில் பெயர், பாடசாலை, சில நேரம் சுட்டிலக்கம்கூட வந்துவிடும். ரெப்போவோ பொது. வேண்டாம் என்று முடிவெடுத்தோம், இன்றுவரை அதில் மாற்றமில்லை.

அதே காரணத்துக்காக, பதில் சொல்வதற்கென்று படிவத்தில் வாங்கும் தொலைபேசி எண்ணும் இஷ்யூவுக்குள் போவதில்லை. கிட்ஹப் திருப்பித் தரும் இஷ்யூ எண்ணையும் தொலைபேசி எண்ணையும் ஒரு கூகுள் ஷீட்டில் வரிசைப்படுத்தி வைக்கிறோம், அதைத் திறக்கக்கூடியவர்கள் மூவர்தான்.

சிக்னல் இன்னொரு தலைவலி. தோட்டத்தின் சில டிவிஷன்களில் லய வீட்டுக்குள் ஒரு கோடு, கோயிலடியில் மூன்று கோடு. அனுப்பு பட்டனை அழுத்தி ஒன்றும் நடக்காவிட்டால் எல்லோரும் செய்வது திரும்ப அழுத்துவதுதான். முதல் தடவை அனுப்பியதும் போயிருக்கும், பதில்தான் வந்திருக்காது. அதனால் ஒரே பிழைக்கு இரண்டு மூன்று இஷ்யூ. படிவம் திறக்கும்போதே அதற்கு ஒரு தனி அடையாளம் உண்டாக்கி விபரத்தோடு அனுப்பி, ஷீட்டிலும் பதிகிறோம். அது ஷீட்டில் ஏற்கனவே இருந்தால் வேர்க்ஃப்ளோ அங்கேயே நின்றுவிடும். அனுப்ப முடியாமல் போனதை உலாவியின் லோக்கல் ஸ்டோரேஜில் வைத்து, அடுத்த முறை பக்கம் திறக்கும்போது அனுப்பிப் பார்க்கிறோம். வெப்ஹூக்கும் கிட்ஹப் வேலை முடியும்வரை காக்காமல் உடனே 'கிடைத்தது' என்று சொல்லிவிடும். பின்னால் ஏதும் உடைந்தால் பிழைக்கென்று உள்ள தனி வேர்க்ஃப்ளோ எங்கள் டெலிகிராமுக்குச் செய்தி போடும். கையால் ஓட்டிச் சோதிக்கும்போது அது வேலை செய்யாது, வரவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

அப்புறம் திரும்பும் வழி. இதைப் பலர் செய்வதில்லை என்பது என் குறை. பிழையைச் சொன்னவருக்குப் பதில் வராவிட்டால் அவர் மறுபடி சொல்ல மாட்டார், டீச்சர் என்றாலும் பிள்ளை என்றாலும். இஷ்யூ மூடப்பட்டதும் ரெப்போவின் வெப்ஹூக் என்8என்னுக்குத் தகவல் தரும். மூடிய காரணமும் அதில் இருக்கும்: வேலை முடிந்து மூடியதா, செய்வதில்லை என்று மூடியதா. அதற்கேற்ப இரண்டு விதச் செய்தி. தானாக வட்ஸ்அப் அனுப்ப வணிகக் கணக்கும் காசும் வேண்டும் என்பதால் பாதியைக் கையால் செய்கிறோம். எண்ணும் செய்தியும் ஏற்கனவே நிரம்பிய வட்ஸ்அப் இணைப்பு ஒன்று எங்களில் ஒருவரின் டெலிகிராமுக்கு வரும், அவர் தொட்டு அனுப்ப வேண்டியதுதான். இந்த இணைப்பில் எண் 94இல் தொடங்க வேண்டும், முன்னால் 0 இருக்கக் கூடாது. கூகுள் ஷீட் 0வைத் தானாகவே விழுங்கிவிடுகிறது. வேறு இடங்களில் எரிச்சல் தரும் அந்தப் பழக்கம் இங்கே உபகாரம்.

இரண்டாவது வகைச் செய்தியை எழுதத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. விடை சரிதான், நீங்கள்தான் பிழை என்று ஒரு தரம் 11 பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? "விடை சரி. ஆனால் நீங்கள் தடுமாறிய படியை இன்னும் விளக்கி எழுதியிருக்கிறோம், பாருங்கள்" என்று போடுகிறோம். அதற்காகவே அந்தப் படியை உண்மையில் விளக்கி எழுத வேண்டியும் வருகிறது.

டோக்கனுக்கு ஆயுள் உண்டு. முடியும் திகதிக்கு முன்னால் நினைவூட்டும்படி நாட்காட்டியில் போட்டிருக்கிறோம். இப்போது வரலாற்றுக்கும் இதே படிவம் வேண்டும் என்று கேட்கிறார்கள். படிவத்தில் ஒரு பாடம் சேர்ப்பது பெரிய வேலையில்லை, வரலாற்றுக்கு விடை எழுத ஆள்தான் வேண்டும்.