பனி பெய்யாத இரவுக்குப் பிறகு

இரண்டு நாளாகப் பனி பெய்யவில்லை. விடியற்காலையில் நாங்கள் நான்கு பேர் ஸ்கீயின் அடியில், மேலேறும்போது பின்னால் வழுக்காமல் பிடிக்கும் ஏறுதோலை ஒட்டிக்கொண்டு கிளம்பியபோது வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. புதுப்பனி இல்லையே, பனிச்சரிவு பயமும் குறைவுதான் என்று கணக்குப் போட்டிருந்தேன். ராத்திரி முழுக்கக் கூடாரத்தை உலுக்கிய காற்றை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

மரங்களைத் தாண்டியதும் வழிகாட்டி நின்றுவிட்டார். முகட்டிலிருந்து வெண்புகைபோலப் பனி பறந்துகொண்டிருந்தது. “அங்க பறக்கிறது எங்க போய் விழுதுன்னு பாருங்க” என்றார். நாங்கள் இறங்கத் திட்டமிட்டிருந்த சரிவில்தான் விழுந்துகொண்டிருந்தது.

வானத்திலிருந்து பொழிவதைவிட 10 மடங்கு வேகமாகக்கூடக் காற்று பனியைக் குவித்துவிடும். பறக்கிற வழியில் துகள்கள் உடைந்து பொடியாகி, விழுந்த இடத்தில் நெருக்கி அடைந்துகொள்கின்றன. அதனால் சேர்வது பஞ்சுப் பனியல்ல, பலகைபோல இறுகிய அடுக்கு. அதன் அடியில் பிடிப்பில்லாத அடுக்கு இருந்தால் ஓர் ஆளின் எடையே போதும், சரிவு மொத்தமும் பிளந்து கிளம்பும்.

காற்று மோதிய பக்கம் வரிவரியாக அரித்துக் கெட்டிப்பட்டுக் கிடந்தது. மறுபக்கமோ தலையணைபோல உப்பி, வழவழவென்று இருந்தது. பார்க்க அதுதான் அழகு, பயப்பட வேண்டியதும் அதற்குத்தான். முகட்டு விளிம்பில் பனி தாழ்வாரம்போல அந்தப் பக்கமே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கவாட்டுக் காற்று சரிவின் நடுவிலுள்ள ஓடைப்பள்ளங்களையும் நிரப்பிவிடும். முகட்டை மட்டும் பார்த்தால் இது தப்பிவிடும்.

சாய்வை அளந்தோம், 36 டிகிரி. இப்படிப் பலகையாகப் பெயரும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரிக்குள் நடப்பவை.

அடுக்குகள் எவ்வளவு பிடித்திருக்கின்றன என்று சோதிக்க, அதே திசை பார்த்த சின்ன மேடு ஒன்றில் குழி தோண்டி, 30 செ.மீ. சதுரத்தில் ஒரு பனித்தூணைப் பிரித்தெடுத்தோம். மேலே மண்வாரித் தகட்டை வைத்து மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. நான்தான் தட்டினேன். முதல் பத்துக்கு அசையவில்லை. பன்னிரண்டாவது தட்டில் மேலிருந்த 35 செ.மீ. கட்டி மேசை இழுப்பறைபோலச் சட்டென்று வழுக்கி என் மடியில் விழுந்தது. கையுறையைக் கழற்றி அடியிலிருந்ததை அள்ளினேன். சர்க்கரைபோல மணிமணியாக இருந்தது. பிடித்துப் பார்த்தேன், ஒட்டவே இல்லை.

குழி நல்ல முடிவைக் காட்டியிருந்தாலும் அந்தச் சரிவை நம்பியிருக்க மாட்டேன். காற்று போட்ட பனி நாலடிக்கு நாலடி தடிமன் மாறும். ஆனால் திரும்பிப் போக, கெட்ட முடிவைக் காட்டிய ஒரு குழி போதும்.

எழுந்து திரும்பும்போது நண்பனின் ஸ்கீ முனையிலிருந்து ஒரு விரிசல் கோடு இழுத்ததுபோல ஓடியது. யாரும் பேசவில்லை. புதைந்தவரைத் தேட எல்லோரிடமும் டிரான்ஸீவர் என்ற சிக்னல் கருவியும், பனியில் குத்திப் பார்க்கும் ப்ரோப் கம்பியும் இருந்தன. ஆனால் புதைந்தவருக்குக் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம். அதற்குமேல் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று குறைகிறது.

வந்த தடத்திலேயே திரும்பினோம். தலைக்கு மேலே செங்குத்தான சரிவு ஏதும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மரங்களுக்கு நடுவே 25 டிகிரிக்கும் குறைவான இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். அங்கே காற்று தொடாத பனி முழங்கால் ஆழம் கிடந்தது. மதியத்துக்குள் இரண்டு முறை ஏறி இறங்கினோம்.