கால்கள் எழ மறுத்தபோது: ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் பொட்டாசியக் குறைவு

கீமோ எடுப்பவர்களுக்குக் களைப்பு புதிதல்ல. படுத்து எழுந்தால் அது ஓரளவு தெளியும். எனக்கு வந்தது வேறு. கழிப்பறையில் உட்கார்ந்தால் சுவர்க் கம்பியைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. தொடைகள் மரக்கட்டையாகக் கனத்தன. இரவில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது.

எனக்கு இருந்தது அக்யூட் மைலாய்டு லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய். வெள்ளணுக்கள் வெகுவாக இறங்கியிருந்த வேளையில் நுரையீரலில் பூஞ்சைத் தொற்று வந்தது. அதற்கு ஆம்ஃபோடெரிசின் ஏற்றினார்கள். என் உயிரைக் காத்த மருந்து அது. ஆனால் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் சிறுநீரில் வெளியேற்றிவிடும். போதாக்குறைக்கு வயிற்றுப்போக்கு வேறு.

"களைப்பாக இருக்கிறது" என்று நான் சொல்லிக்கொண்டிருந்த வரைக்கும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை, டாக்டர்" என்றதும் அவர் நின்றார். தொடையைத் தூக்கச் சொல்லித் தம் கையால் அழுத்திப் பார்த்தார். அன்றைய ரத்தப் பரிசோதனையில், 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டிய பொட்டாசியம் 2.4 என்று வந்தது. பொட்டாசியம் இந்த அளவுக்கு இறங்கினால் இதயத் துடிப்பும் தடம் புரளலாம் என்பதால் உடனே இ.சி.ஜி. எடுத்தார்கள்.

பொட்டாசியத்தை வேகமாக ஏற்றுவதும் இதயத்துக்கு ஆபத்து. அதனால் பம்ப் வைத்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். கை நரம்பில் அது இறங்கும்போது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தீயாக எரிந்தது. நர்ஸிடம் சொன்னதும் வேகத்தைக் குறைத்தார், எரிச்சல் தணிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டிய அவசியமே இல்லை. கூடவே ஒரு சிரப். உப்பும் கசப்புமாக நாக்கில் ஒட்டிக்கொள்ளும். நிறையத் தண்ணீரில் கலந்து மெல்ல மெல்லக் குடித்தேன்.

இவ்வளவு கொடுத்தும் அளவு ஏறவில்லை. மெக்னீசியமும் குறைந்திருந்ததுதான் காரணம். அது குறைந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைத் தக்கவைக்காது. மெக்னீசியத்தையும் ஏற்றிய பிறகே பொட்டாசியம் மேலே வந்தது, கால்களிலும் பிடிமானம் திரும்பியது.

பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் இதே போலக் கால் பலவீனம். அவருக்குக் காரணம் ஸ்டீராய்டு. வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்தாலும் பாதம் தொய்யலாம். ஆகவே பரிசோதிக்காமல் பொட்டாசிய மாத்திரையைத் தாமாக விழுங்கக் கூடாது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் அளவு மிஞ்சிப்போய் அதுவே ஆபத்தாகும்.

ஆம்ஃபோடெரிசின் முடியும் வரை தினமும் ரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம், மெக்னீசியம் இரண்டின் அளவையும் நானே கேட்டுக் குறித்துக்கொண்டேன்.