குளத்தோடு வந்த வாரண்டி

பெங்களூர் அல்சூரில் ஒரு சின்னக் கிடங்கு, இரண்டு நீர்மூழ்கி மோட்டார்கள், பழைய டைலை உடைத்தெடுக்கும் சிப்பிங் இயந்திரங்கள், ஒரு பழைய டெம்போ. நீச்சல் குளங்களைப் புதுப்பிக்கும் தொழிலை விற்க முன்வந்த பெரியவர் காட்டிய சொத்து இவ்வளவுதான். இதையெல்லாம் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். நான் பணம் கொடுத்தது மேஸ்திரிக்காக, அவரை நம்பித் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஆட்களுக்காக, ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் சாலை அடுக்ககங்களில் பெரியவருக்கு இருந்த நல்ல பெயருக்காக.

நல்ல பெயர் சும்மா வராது. "ஐந்து வருஷத்துக்கு ஒரு சொட்டுக் கசியாது" என்று அவர் கொடுத்த வாக்குகளும் கூடவே வரும். முதலாளி மாறியது அடுக்ககச் சங்கத்தாருக்கு ஒரு பொருட்டே அல்ல. பெயர்ப்பலகை அதேதான் என்றால் அதே கதவைத்தான் தட்டுவார்கள். எனவே விலை பேசும் முன் பழைய பில் புத்தகங்களைக் கேட்டேன்.

"என் மேல் நம்பிக்கை இல்லையா தம்பி?"

"உங்கள் மேல் இருக்கிறது அண்ணே. குளங்களைத்தான் பார்க்க வேண்டும்."

வாரண்டி முடியாத குளங்களுக்கு மேஸ்திரியோடு போனேன். நீர் வடித்திருந்த குளத்தில் மரச் சுத்தியலால் தட்டிக்கொண்டே நடப்பார். நன்றாகப் பிடித்திருக்கும் டைல் 'டக்' என்று கெட்டியாக ஒலிக்கும். அடியில் வெற்றிடம் இருந்தால் 'டொப்' என்று கேட்கும். 'டொப்' கேட்ட இடத்திலெல்லாம் சாக்கட்டியால் வட்டம் போட்டார். நீர் நிறைந்த குளத்துக்கு வாளிச் சோதனை. குளத்து நீரையே வாளியில் ஊற்றிப் படியில் வைத்து, வாளிக்குள்ளும் வெளியேயும் நீர்மட்டத்தைக் குறித்துவிட்டு, மோட்டாரை நிறுத்தி ஒரு நாள் விட வேண்டும். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில் குடித்தது என்று பொருள். வெளியே அதிகம் இறங்கியிருந்தால் கசிவு. சில புகார்கள் அந்த வாளியோடு முடிந்துபோயின. வட்டம் போட்ட இடங்களுக்கு ஆகும் செலவைப் பெரியவரின் விலையில் கழித்தேன். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

இந்தத் தொழிலில் டைலைவிட அதன் இடுக்கை அடைக்கும் கிரவுட் பூச்சுக்குத்தான் ஆயுசு குறைவு. நீரின் பிஹெச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 7.2க்கும் 7.8க்கும் இடையில் நிற்க வேண்டும். கீழே இறங்கினால், கால்சியமும் குறைந்தால், நீர் சிமென்ட் கிரவுட்டை அரித்துவிடும். போதாக்குறைக்கு, கறை போகட்டும் என்று ஆசிட்டை ஊற்றித் தேய்ப்பவர்களும் உண்டு. சிமென்டுக்குப் பதில் பிசினால் ஆன எபாக்ஸி கிரவுட் இதையெல்லாம் நன்றாகவே தாங்கும், விலைதான் அதிகம். கலந்த பிறகு ஏறக்குறைய முக்கால் மணி நேரத்துக்குள் இழைத்துத் துடைத்துவிடவும் வேண்டும். ஏப்ரல் வெயிலில் அதுவும் கிடைக்காது. இப்போது நான் எழுதித்தரும் வாரண்டியில் பிஹெச் குறிப்பேடு வைத்திருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வேறு ஆளைத் தேடிப் போன சங்கங்களும் உண்டு. போகட்டும்.

தண்ணீர்தான் பெரிய தலைவலி. 15 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் என்றால் 1,08,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கரில் ஒன்பது வண்டி. 2024 மார்ச்சில் தட்டுப்பாடு முற்றியபோது, நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது என்று பெங்களூர் குடிநீர் வாரியம் தடை விதித்தது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். குளத்தை எப்படியும் மூடியாயிற்று, வேலையை முடித்துவிடலாம் என்று சங்கங்கள் கூப்பிட்டன. வேலை முடிந்தது. நிரப்பிப் பார்த்துக் கசியவில்லை என்றால்தான் கடைசித் தவணை என்பது ஒப்பந்தம். நிரப்பவோ வழியில்லை. ஆட்களுக்குச் சனிக்கிழமைக் கூலியைத் தடை தள்ளிவைக்குமா?

அதன்பின், வேலை முடிந்து 30 நாளுக்குள் குளத்தை நிரப்பாவிட்டாலும் பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்த்தேன். முதலில் கையெழுத்திட்ட சங்கத்தின் பொருளாளர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. முழுவதும் படித்தார், தலையாட்டினார், 30ஐ அடித்து 45 என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.