பாவம் பாத்தது தான் டாம் ராபின்சன் பண்ண குத்தம்

ஹார்ப்பர் லீயோட டு கில் எ மாக்கிங்பேர்ட் நாவல பத்தி பேச்சு வந்தாலே எல்லாரும் நேரா அதுல வர்ற வக்கீல் அட்டிகஸ் ஃபின்ச்கிட்ட தான் போய் நிப்பாங்க. கோர்ட்ல அவர் பேசற சீன், சினிமால கிரெகரி பெக், அதுக்கு ஆஸ்கார், அப்பான்னா இப்படி இருக்கணும்பா... எனக்கும் அட்டிகஸ பிடிக்கும், பிடிக்காம போற மாதிரி ஹார்ப்பர் லீ எழுதவே இல்ல. ஆனா தைரியம், நிறவெறி, நியாயம்னு இந்த நாவல்ல எல்லாரும் சொல்ற அந்த மூணும் ஒரே இடத்துல முட்டிக்கறது அட்டிகஸ் பேசும்போது இல்லன்னு தான் நான் சொல்லுவேன். சாட்சிக் கூண்டுல டாம் ராபின்சன் வாய்ல இருந்து ஒரு பதில் வந்து விழும் பாருங்க, அங்க தான். (கதைய முழுசா உடைக்கப் போறேன், இன்னும் படிக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடுங்க.)

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. புக் வந்தது 1960, அடுத்த வருஷமே புலிட்சர் பரிசு. கதை நடக்கறது 1933ல இருந்து 1935 வரைக்கும், அமெரிக்கால பெரிய பொருளாதார வீழ்ச்சி டைம், அலபாமால மேகோம்னு ஒரு கற்பனை ஊரு, ஆனா லீ பொறந்து வளந்த மன்ரோவில் தான் அதுன்னு எல்லாருக்கும் தெரியும். கதைய சொல்றது அட்டிகஸோட பொண்ணு ஸ்கௌட், ஆரம்பத்துல ஆறு வயசு கூட ஆகல, அவ அண்ணன் ஜெம், லீவுக்கு வர்ற டில். பக்கத்து வீட்ல வெளியவே வராத பூ ராட்லி. முதல் பாதி பூரா அந்த பூவ எப்படியாவது வெளிய இழுக்கணும்னு பசங்க பண்ற கூத்து தான், என்னடா கேஸே வரலியேன்னு நினைச்சா கொஞ்சம் பொறுங்க, அந்த ஊரு யாரு, எப்படிப்பட்டவங்கன்னு நமக்கு பழகிட்ட பிறகு தான் கேஸ் வருது, அதனால தான் அது அவ்ளோ வலிக்குது.

கேஸ் இது தான். டாம் ராபின்சன், கறுப்பர், 25 வயசு, கல்யாணம் ஆகி மூணு குழந்தைங்க. மெயெல்லா யூவெல்ங்கற வெள்ளைக்காரப் பொண்ண பலாத்காரம் பண்ணதா குத்தச்சாட்டு, டாமுக்கு வாதாடறது அட்டிகஸ். அந்தக் காலத்துல அலபாமால அதுக்கு மரண தண்டனை கிடைக்கும். மெயெல்லாவுக்கு அடி பட்டது முகத்தோட வலது பக்கம், அப்படின்னா அடிச்சவன் பெரும்பாலும் இடது கைக்காரன். டாமோட இடது கை சின்ன வயசுலயே பருத்தி மெஷின்ல மாட்டி சூம்பிப் போச்சு, அத தூக்கவே முடியாது. மெயெல்லாவோட அப்பன் பாப் யூவெல கூப்பிட்டு அட்டிகஸ் ஒரு காகிதத்துல பேர எழுதச் சொல்றாரு, அவன் இடது கையால எழுதறான். டாக்டர யாரும் கூப்பிடவே இல்ல, மருத்துவ ஆதாரம்னு ஒண்ணு கூட கிடையாது. துப்பறியும் கதையா இருந்தா இங்கயே முடிஞ்சிருக்கும்.

இப்ப அந்த பதிலுக்கு வரேன். அரசு வக்கீல் கில்மர் டாம குறுக்கு விசாரணை பண்றாரு. அந்த வீட்டுக்கு ஏன் அத்தன தடவ போய் வேல செஞ்ச, காசு கூட வாங்கலியே, ஏன்னு கேக்கறாரு. டாம் சொல்றான், அந்தப் பொண்ணு பாவமா இருந்துச்சு, வீட்ல வேற யாரும் அதுக்கு உதவி பண்ற மாதிரி தெரியல. அவ்ளோ தான் சொன்னான், சொன்ன உடனேயே தப்பா சொல்லிட்டோம்னு அவனுக்கே புரிஞ்சிடுது, ஆனா வார்த்தை வெளிய வந்தாச்சு. கில்மர் அத அப்படியே கெட்டியா பிடிச்சுக்கறாரு, நீ, அவளப் பாத்து, பாவப்பட்டியா?

இத யோசிச்சுப் பாத்தா கொஞ்சம் கூசும். ஒரு கறுப்பர் வெள்ளைக்காரங்க வீட்ல விறகு வெட்டலாம், தண்ணி தூக்கலாம், காசே வாங்காம செய்யலாம், அதுல எல்லாம் அந்த ஊருக்கு ஒரு பிரச்சனையும் இல்ல. பரிதாபப்படக் கூடாது, அவ்ளோ தான். ஏன்னா பரிதாபம் மேல இருக்கறவங்க கீழ இருக்கறவங்க மேல படறதுங்கறது அவங்க கணக்கு. குப்பைமேட்டுக்குப் பக்கத்துல குடியிருக்கற, ஊர்ல ஒருத்தரும் மதிக்காத யூவெல் குடும்பம் கூட டாமுக்கு மேல தான், அந்த ஏணிய டாம் தெரியாத்தனமா கவுத்துட்டான். பலாத்காரம் நடந்துச்சா இல்லையாங்கற கேள்வி அங்கயே செத்துப் போச்சுன்னு தான் எனக்குத் தோணும். நிறவெறின்னா கத்தறது, திட்டறது, கும்பலா வந்து மிரட்டறதுன்னு நாம நினைப்போம், இந்தப் புக்ல அதெல்லாமும் இருக்கு, ஆனா அதோட அடி எங்க இருக்குன்னு லீ காட்டுனது இந்த ஒரு கேள்வில.

இதுல மெயெல்லாவையும் லீ சும்மா வில்லியாக்கி விடல. 19 வயசுப் பொண்ணு, கீழ ஏழு தம்பி தங்கச்சி, குடிகார அப்பன், அடி உதை. அட்டிகஸ் மரியாதையா மிஸ் மெயெல்லான்னு கூப்பிட்டதுக்கே கிண்டல் பண்றாருன்னு கோச்சுக்கறா, அப்படி ஒருத்தர் அவள கூப்பிட்டதே இல்ல. அந்த ஊர்லயே அவகிட்ட தன்மையா நடந்துக்கிட்ட ஒரே ஆளு டாம், அவன தான் பலி குடுக்கறா, அப்பன காட்டிக் குடுக்கற தைரியம் இல்லாம. அவ டாம தொட்டு முத்தம் குடுத்ததுல தான் எல்லாம் ஆரம்பிச்சுது, அந்த வெக்கத்த அழிக்கணும்னா டாம் இல்லாம போகணும். எனக்கு அவ மேல கோவமும் வரும், கூடவே டாமுக்கு வந்த அதே பரிதாபமும் வரும்.

தைரியம்னு வந்தா இந்தப் புக் இன்னும் சிக்கலா போகும். அட்டிகஸ் தன் பசங்களுக்கு தைரியம்னா இது தான்னு காட்டறது யார தெரியுமா, மிஸஸ் டுபோஸ். தெருவுல போற வர பசங்கள வாய்க்கு வந்தபடி திட்டற கிழவி, அட்டிகஸ் டாமுக்கு வாதாடறார்ங்கறதுக்காகவே அவர அசிங்கமா பேசினவங்க. ஜெம் கோவத்துல அவங்க தோட்டத்து செடிய எல்லாம் வெட்டிப் போட்டதுக்கு தண்டனையா தினமும் போய் அவங்களுக்கு புக் படிச்சுக் காட்டணும். கடைசில தான் தெரியும், அவங்க வலிக்காக எடுத்துக்கிட்ட மார்ஃபின் பழக்கத்துல இருந்து வெளிய வந்துட்டு தான் சாகணும்னு போராடிட்டு இருந்திருக்காங்க, அந்த வாசிப்பு நேரம் அதுக்கு தான். தோத்துடுவோம்னு முன்னாடியே தெரிஞ்சும் ஆரம்பிக்கறது தான் தைரியம்னு அட்டிகஸ் சொல்றது இவங்கள வெச்சு தான். நிறவெறி பிடிச்ச ஒருத்தர் கழுத்துல போய் தைரியத்துக்கான மெடல போடறாரு மனுஷன்! இது எனக்கு ரொம்ப நாளா உறுத்துச்சு, இப்ப இது தான் புக்லயே நேர்மையான இடம்னு தோணுது. தைரியமும் நிறவெறியும் ஒரே உடம்புல சண்டையே போடாம குடியிருக்கும்ங்கறத லீ மறைக்கல.

அண்டர்வுட் இன்னொரு உதாரணம், உள்ளூர் பத்திரிக்கைக்காரர். டாம தூக்கிட்டுப் போய் கொல்ல ஒரு கும்பல் ராத்திரி ஜெயிலுக்கு வருது, அட்டிகஸ் வாசல்ல ஒரு லைட்ட போட்டுக்கிட்டு பேப்பர் படிச்சிட்டு உக்காந்திருக்காரு, ஸ்கௌட் உள்ள பூந்து கும்பல்ல இருந்த கன்னிங்ஹாம்கிட்ட உங்க பையன் என் கிளாஸ் தான்னு பேசப் பேச அந்த ஆளு கூனிக் குறுகி எல்லாரையும் கூட்டிட்டு கிளம்பிடறாரு. எல்லாம் முடிஞ்ச பிறகு தான் அண்டர்வுட் மாடி ஜன்னல்ல இருந்து குரல் குடுக்கறாரு, இவ்ளோ நேரமும் துப்பாக்கிய நீட்டிக்கிட்டு காவலுக்கு இருந்திருக்காரு. அந்த ஆளுக்கு கறுப்பர்கள கண்டாலே ஆகாதுன்னு அட்டிகஸே சொல்றாரு! கன்னிங்ஹாம் கதையும் இதே ரகம், கொல்ல வந்த ஆளோட நெருங்கின சொந்தக்காரர் ஒருத்தர் தான் ஜூரில (குத்தவாளியா இல்லையான்னு சொல்ல ஊர் ஜனங்கள்ல இருந்து எடுக்கற குழு) உக்காந்து டாம விட்டுடலாம்னு கொஞ்ச நேரம் அடம் பிடிச்சவரு.

இவங்க எல்லாருக்கும் தைரியசாலி பட்டம் கிடைக்குது. டாமுக்கு யாரும் குடுக்கல, கவனிச்சீங்களா? வெள்ளைக்கார ஜூரி முன்னாடி, வெள்ளைக்காரப் பொண்ணு தான் என்ன தொட்டு முத்தம் குடுத்தான்னு 1935ல அலபாமால ஒரு கறுப்பர் சத்தியம் பண்ணி சொல்றது எப்பேர்ப்பட்ட விஷயம்! ஜூரி குத்தவாளின்னு சொன்ன அப்புறம் அப்பீல் பண்ணலாம்னு அட்டிகஸ் நம்பிக்கை குடுக்கறாரு, டாமுக்கு வெள்ளைக்காரங்க குடுக்கற வாய்ப்பு போதும் போதும்னு ஆயிடுச்சு, ஜெயில் வேலிய தாண்ட ஓடறான், 17 குண்டு. இத்தனையும் நமக்கு அட்டிகஸ் வந்து சொல்லி தான் தெரியும், டாம் மனசுக்குள்ள நாம ஒரு நிமிஷம் கூட போகல. சின்னப் பொண்ணு கண்ணு வழியா சொல்ற கதைல அது முடியாதுன்னு சமாதானம் சொல்லலாம், சொல்லுவாங்க, கறுப்பின வாசகர்கள் நிறைய பேரு இதுல தான் இந்தப் புக்க விமர்சிக்கறாங்க, அவங்க சொல்றது சரி தான்.

அந்த ஜூரி எப்படி வந்துச்சுங்கறதையும் பாக்கணும். நிஜத்துல 1931ல இதே அலபாமால ஸ்காட்ஸ்பரோ கேஸ், ரயில்ல போன ஒன்பது கறுப்பினப் பசங்க மேல ரெண்டு வெள்ளைக்காரப் பொண்ணுங்க வெச்ச பொய்க் குத்தச்சாட்டு, எட்டு பேருக்கு மரண தண்டனை. 1933ல ரெண்டு பொண்ணுங்கள்ல ஒருத்தி நாங்க சொன்னது பொய்னு கோர்ட்லயே சொல்லியும் ஜூரி குத்தவாளின்னு தான் சொல்லுச்சு. ஜட்ஜ் ஜேம்ஸ் ஹார்ட்டன் அந்த தீர்ப்ப தள்ளி வெச்சாரு, அடுத்த தேர்தல்ல அவருக்குப் பதவி போச்சு, அங்க ஜட்ஜுங்களுக்கும் தேர்தல் உண்டு. 1935 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டு, கறுப்பர்கள ஜூரில இருந்து திட்டம் போட்டு ஒதுக்கறது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. டாமோட விசாரணை நடக்கறது அதே வருஷம் கோடைல. மேகோமுக்கு அந்த சேதி வந்து சேரல போல. பொம்பளைங்களுக்கும் அலபாமா ஜூரில இடம் கிடையாது, அது மாற 1966 ஆச்சு, அதாவது புக் வந்து ஆறு வருஷம் கழிச்சு.

இனி கிளைமாக்ஸ். பாப் யூவெல் ராத்திரில கத்தியோட வந்து பசங்கள தாக்கறான், பூ ராட்லி வெளிய வந்து காப்பாத்தறாரு, யூவெல் செத்துக் கிடக்கறான். ஜெம் தான் பண்ணியிருப்பான்னு நினைச்ச அட்டிகஸ் மூடி மறைக்கவே கூடாதுன்னு நிக்கறாரு. ஷெரிஃப் ஹெக் டேட் அவன் தன் கத்தி மேலயே விழுந்துட்டான், அவ்ளோ தான்னு கேஸ மூடறாரு, கூச்ச சுபாவமுள்ள பூவ கோர்ட்டுக்கும் ஊர் பாராட்டுக்கும் இழுக்கறது பாவம்னு. ஸ்கௌடும் அப்பாவுக்கு புரியற மாதிரி சொல்றா, அட்டிகஸ் ஒத்துக்கறாரு. படிக்கும்போது நமக்கும் அப்பாடான்னு இருக்கும். ஆனா இதே ஷெரிஃப் தான டாம கைது பண்ணாரு? டாக்டர கூப்பிடாம விட்டது இவர் தான? பூவுக்காக சட்டம் வளையுது, சம்மன் இல்ல, கூண்டு இல்ல, கேள்வியே இல்ல. டாமுக்கு ஆதாரம் மொத்தமும் சாதகமா இருந்தும் ஒரு இஞ்ச் வளையல. ரெண்டு பேரும் தலைப்புல வர்ற மாக்கிங்பேர்ட் மாதிரி யாருக்கும் கெடுதல் பண்ணாத பறவைங்கன்னு நாவல் ஒரே கூட்டுல வைக்குது, ஒண்ணு வெள்ளைங்கறத மட்டும் சத்தமா சொல்லல. லீ தெரிஞ்சே தான் வெச்சாங்களான்னு தெரியாது, எனக்கு அது தெரிஞ்சு வெச்ச மாதிரி தான் படுது.

2015ல வந்த லீயோட இன்னொரு நாவல் கோ செட் எ வாட்ச்மேன்ல அட்டிகஸ் கறுப்பர் உரிமைக்கு எதிரான மீட்டிங்ல உக்காந்திருக்காருன்னு நிறைய பேருக்கு நெஞ்சு வெடிச்சிடுச்சு. மிஸஸ் டுபோஸ ஒழுங்கா படிச்சிருந்தா அவ்ளோ ஷாக் ஆகியிருக்க வேண்டாம்.

கடைசியா ஒரு விஷயம், இது யாரும் அதிகமா பேசி நான் பாக்கல. தீர்ப்புக்கு அப்புறம் ஜெம் ஜூரியையே ஒழிச்சிடணும்னு கத்தறான். அட்டிகஸ் அதுக்கு ஒரு வழி சொல்றாரு, மரண தண்டனை வர்ற கேஸ்ல தண்டனைய முடிவு பண்ற அதிகாரம் ஜட்ஜுக்கு மட்டும் தான்னு சட்டத்த மாத்தணும். ஜூரி சாதாரண ஜனங்க, ஊர் வெறுப்போட வந்து உக்காருவாங்க, ஜட்ஜு படிச்சவரு, நிதானமானவருங்கற நம்பிக்கை.

அந்த நம்பிக்கை லீயோட சொந்த மாவட்டத்துலயே என்ன ஆச்சுன்னு பாருங்க. மன்ரோவில் பக்கத்துல வால்டர் மெக்மிலியன்னு ஒரு கறுப்பர், மரம் வெட்டற தொழில், ஒரு வெள்ளைக்காரப் பொண்ணோட அவருக்கு தொடர்பு இருந்துச்சுன்னு ஊர்ல பேச்சு. 1986ல நடந்த ஒரு கொலைல அவர மாட்டி விட்டாங்க. கொலை நடந்த நேரத்துல அவர் வீட்ல மீன் வறுத்து விக்கற நிகழ்ச்சி, கூட இருந்தோம்னு அத்தன பேரு சாட்சி சொன்னாங்க, எல்லாரும் கறுப்பர்கள், எடுபடல. விசாரணை தொடங்கறதுக்கு முன்னாடியே அவர மரண தண்டனைக் கைதிங்க பகுதில அடைச்சாங்க. 1988ல கறுப்பர்கள் கம்மியா இருக்கற பக்கத்து மாவட்டத்துக்கு கேஸ மாத்தி, ஒரே ஒரு கறுப்பர் இருந்த ஜூரி, ஒன்றரை நாள்ல விசாரணை முடிஞ்சுது. அந்த ஜூரியே ஆயுள் தண்டனை போதும்னு சொல்லுச்சு. ஜட்ஜு, பேரு ராபர்ட் ஈ. லீ கீ, அடிமை முறைக்காக சண்டை போட்ட தளபதியோட பேர வெச்சவரு, ஜூரி சொன்னத தள்ளிட்டு மரண தண்டனை குடுத்தாரு. வக்கீல் ப்ரையன் ஸ்டீவன்சன் போராடி, மெக்மிலியன் வெளிய வந்தது 1993ல. இந்தப் பக்கம் அதே மன்ரோவில் பழைய கோர்ட் கட்டிடத்த மியூசியமாக்கி, ஊர்க்காரங்களே டாம் ராபின்சன் விசாரணைய நாடகமா போட்டு டூரிஸ்டுங்கள கூப்பிடுது.

ஜூரி ஆயுள்னு சொன்னாலும் ஜட்ஜு மரண தண்டனை குடுக்கலாம்ங்கற அந்த முறைய அலபாமா 2017ல தான் சட்டம் போட்டு எடுத்துச்சு, அதுக்கு முன்னாடி அப்படி தண்டனை வாங்கி உள்ள இருக்கறவங்களுக்கு இது பொருந்தாதுன்னும் அதே சட்டத்துலயே எழுதி வெச்சிட்டாங்க.