உறுப்பினர் அட்டைக்கும் தலைவர் நாற்காலிக்கும் நடுவே

அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847இல் தொடங்கியது. முதல் பெண் உறுப்பினர் சாரா ஹேக்கெட் ஸ்டீவன்சன் உள்ளே வந்தது 1876இல். முதல் பெண் தலைவராக நான்சி டிக்கி பதவியேற்றது 1998இல். நடுவில் 122 ஆண்டுகள். பிரிட்டன் கதை இன்னும் விசித்திரம். 1873இல் அந்நாட்டு மருத்துவச் சங்கத்தில் எலிசபெத் காரெட் ஆண்டர்சன் சேர்ந்தார். இனிப் பெண்கள் வேண்டாம் என்று 1878இல் விதி போட்டார்கள். 1892 வரை அவர் ஒருவர்தான். அங்கே முதல் பெண் தலைவர் ஜோசபின் பார்ன்ஸ், 1979இல்.

மருத்துவக் கல்லூரியில் பெண்கள் பெருகிவிட்டார்கள், பதவியும் தானாக வரும் என்பார்கள். வராது. ஏணி அப்படி.

அமெரிக்கச் சங்கத்தின் கொள்கைகளை முடிவு செய்யும் அவையில் மாநிலங்களுக்கு 1,000 உறுப்பினருக்கு ஒரு பிரதிநிதி. பலரும் மாற்றுப் பிரதிநிதியாக நுழைந்து, பிரதிநிதியாகி, கவுன்சிலுக்குப் போய், பிறகுதான் சங்கத்தை நடத்தும் அறங்காவலர் குழுவைத் தொடுகிறார்கள். அதற்கும் மேலே தேர்வுபெற்ற தலைவர் (அடுத்த ஆண்டு பதவியேற்க இருப்பவர்), தலைவர், முன்னாள் தலைவர் என ஓராண்டு வீதம் மூன்று ஆண்டுகள். டிக்கி குழுவுக்குள் வந்தது 1989இல்; அங்கிருந்தே தலைமைக்கு ஒன்பது ஆண்டுகள். முதல் படியில் கால் வைக்க வேண்டிய வயதில்தான் பிரசவமும் கைக்குழந்தையும். ஒரு தவணை விட்டால் அந்த இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். பதவிக்கால வரம்பு இல்லாத சங்கத்தில் அவர் எழுந்திருக்கவும் மாட்டார்.

ஆகவே தலைவர் யார் என்று மட்டும் பார்ப்பது வீண். மாற்றுப் பிரதிநிதி, பிரதிநிதி, குழு உறுப்பினர், குழுத் தலைவர், விருது, முதன்மை உரை என்று படிப்படியாக எண்ணி, உறுப்பினரில் பெண்கள் எத்தனை சதவீதமோ அதோடு ஒப்பிட வேண்டும். எந்தப் படியில் எண்ணிக்கை திடீரென விழுகிறதோ அங்கேதான் ஓட்டை. எந்தக் குழு என்பதையும் பாருங்கள். நிதி, சட்டவிதி, வேட்பாளர் தேர்வு மூன்றிலும்தான் அதிகாரம். விருந்தோம்பல் குழுவில் பத்துப் பெண்கள் இருந்தால் சோறு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

மேடையும் ஒரு படிதான். அமெரிக்காவின் மயோ கிளினிக் மருத்துவமனை மருத்துவர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்கள் அறிமுகம் செய்தபோது ஆண் பேச்சாளர்களில் 72 சதவீதம் பேரை ‘டாக்டர்’ என்று அழைத்தார்கள். பெண்களில் 49 சதவீதம் பேரைத்தான். அறிமுகக் குறிப்பை எழுதிக் கொடுத்து அப்படியே வாசிக்கச் சொன்னால் காசு செலவில்லாமல் தீரும்.

தனி மகளிர் அமைப்பு வேண்டாமென்று சொல்லவில்லை. 1915இல் பெர்த்தா வான் ஹூசன் என்ற மருத்துவர் தொடங்கிய அமெரிக்க மகளிர் மருத்துவச் சங்கம் இன்றும் நடக்கிறது. ஆனால் ‘அதுதான் இருக்கிறதே’ என்று தாய்ச் சங்கம் கைகழுவ அது சாக்காகிவிடக் கூடாது.

எந்தச் சங்கமானாலும் அதன் சட்டவிதிப் புத்தகத்தில் முதலில் தேட வேண்டியது, போட்டியிட ‘இடைவிடாமல் இத்தனை ஆண்டு சந்தா’ கேட்கும் வரி. மகப்பேறு விடுப்பில் ஓராண்டு சந்தா விட்டுப்போனவர் அங்கேயே தகுதி இழக்கிறார். ‘இடைவிடாமல்’ என்பதை ‘மொத்தம்’ என்று மாற்ற ஒரு திருத்தத் தீர்மானம் போதும்.