"சேர்" கட்டளை: மூன்றாம் முறை எழுதியது

மூன்று வார இறுதிகளை விழுங்கிய பிறகு, எனக்காக நானே எழுதிவரும் சிறிய மார்க்அப் மொழியில் (உரையில் குறிகளிட்டுத் தலைப்பு, படம் போன்றவற்றைக் காட்டும் மொழி), ஒரு கோப்புக்குள் வேறொரு கோப்பைக் கொண்டுவரும் "சேர்" கட்டளை நேற்றிரவு ஒழுங்காக ஓடி, நாற்பது கோப்புகளாகச் சிதறிக் கிடந்த குறிப்புகளை ஒரே நூலாகத் திரட்டித் தந்தது.

முதல் முறை, சி நிரல்மொழியின் இன்க்ளூட் கட்டளையைப் போல, கட்டளை நின்ற இடத்தில் கோப்பின் எழுத்துகளை அப்படியே ஒட்டி, பிறகு உரையின் அமைப்பைப் பகுத்துப் படிக்கும் பார்சரிடம் கொடுத்தேன். ஒரு கோப்பில் நிரல் பகுதியை மூடும் குறியை நான் மறந்திருந்ததால், அடுத்த ஐந்து அத்தியாயங்களும் நிரலாகவே அச்சாகின. ஆகவே இரண்டாம் முறை ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே பார்ஸ் செய்து, தலைப்பு, பத்தி எனக் கிளைவிட்டுக் கிடைத்த தரவு மரத்தைத் தாய்க் கோப்பின் மரத்தில் ஒட்டுப்போட்டேன். கட்டளை எந்தத் தலைப்பின் கீழ் நிற்கிறதோ அதற்கேற்பத் தலைப்பு நிலைகளை இறக்குவதும் எளிதாயிற்று.

உயிரை வாங்கியது கோப்புப் பாதைதான். உட்கோப்பில் "படங்கள்/வரைபடம்" என்று எழுதினால் அது எந்தக் கோப்புறையிலிருந்து தொடங்குகிறது? நூல்களை அச்சுக்கு அமைக்கும் லாடெக்கின் இன்புட் கட்டளை, நிரலை எங்கிருந்து ஓட்டுகிறோமோ அங்கிருந்து தேடுகிறது. ஆஸ்கிடாக் என்ற மார்க்அப்பைப் படிக்கும் ஆஸ்கிடாக்டர் நிரலோ, சேர்க்கப்பட்ட கோப்புக்குள் வரும் இன்க்ளூடுகளை அவை எழுதப்பட்ட கோப்பின் இடத்திலிருந்து தேடுகிறது. அத்தியாயத்தைத் தனியாகத் திறந்தாலும் படம் தெரிய வேண்டும் என்பதால் நான் இரண்டாவதைப் படங்களுக்கும் விரித்தேன். அதற்காக மரத்தின் ஒவ்வொரு கணுவும் தான் பிறந்த கோப்பின் முழுப் பாதையைச் சுமக்க வேண்டியதாயிற்று. பிழைச் செய்திகளில் சரியான கோப்பும் வரி எண்ணும் வருவது இதில் கிடைத்த கொசுறு.

கோப்புகள் ஒன்றையொன்று முடிவின்றிச் சேர்த்துக்கொள்ளும் சுழற்சியைத் தடுக்க, ஒருமுறை படித்த கோப்பை மறுபடி படிக்காதே என்று விதித்தது என் மடமை. ஒரே எச்சரிக்கைக் குறிப்பை ஏழு அத்தியாயங்களில் சேர்ப்பது முறையான தேவை. ஆறு இடங்களில் அது காணாமற்போனது. இப்போது, திறந்து நிற்கும் கோப்புகளின் அடுக்கில் அந்தக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறேன். ஆஸ்கிடாக்டர் இயல்பாக 64 அடுக்கு ஆழத்தில் நிறுத்திவிடுகிறது. அந்த வரம்பையும் காப்பாக வைத்துக்கொண்டேன்.

அடுத்து, கோப்பின் ஒரு பகுதியை மட்டும் சேர்க்கும் வசதி வேண்டும். வரி எண்களை நம்பினால் மேலே ஒரு வரி கூடினாலே எல்லாம் நகர்ந்துவிடும். பெயரிட்ட குறிகளைத்தான் வைக்கப்போகிறேன். அதற்குள் ஆசை ஓடுகிறதே தவிர, இரு கோப்புகளில் ஒரே பெயருள்ள அடிக்குறிப்புகள் மோதுவது இன்னும் தீரவில்லை. கோப்பின் பெயரை முன்னொட்டாக வைத்து இப்போதைக்கு ஒப்பேற்றியிருக்கிறேன்.